எண்ணியவள்

முதல் அரைமணி நேரம்
இருட்டில் சும்மா இருக்க வேண்டும்.
அதற்கும் சேர்த்துத்தான் கூலி.
வியன்னா, இருபத்தேழாம் வருஷத்து நவம்பர்.
சன்னல்களுக்குக் கறுப்புத் துணி,
கதவிடுக்கில் பழைய போர்வை.
வ்ளாஸ்தா க்ரெய்சோவா
தன் கண்மணிகள் விரியக் காத்திருக்கிறாள்.
பக்கத்து முக்காலியில் மில்கா,
தும்மலை அடக்கியபடி.

பிறகு நுண்ணோக்கி.
துத்தநாக சல்பைடு பூசிய கண்ணாடி:
நகத்தளவு இரவு.
அதில் எங்கோ ஒரு பச்சைப் பொறி,
ஒரு புரோட்டான் வந்து மோதி நின்ற இடம்.
விசையைத் தட்டினால் நாடாவில் ஒரு புள்ளி.
ஒரு நிமிஷம் எண்ணு.
ஒரு நிமிஷம் கண்ணை மூடு.
எண்ணு.
மூடு.

எதிரே கரித்தகடு.
ரேடியத்திலிருந்து பாய்வது அதில் முட்டி
கருவிலிருந்து ஒன்றைப் பெயர்க்கிறது என்று
பேராசிரியர் மூன்று கட்டுரை எழுதிவிட்டார்.
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு பொறி.
வ்ளாஸ்தா ஒரு நாளும் அவரை ஏமாற்றியதில்லை:
பதினொன்று, பதின்மூன்று,
மறுபடி பன்னிரண்டு.

கரிக்குக் கருவில் ஆறு.
ஒன்று கழன்றால் மிச்சம் கரியில்லை, போரான்.
எழுபத்தொன்பது இருந்தால் தங்கம்;
எண்பதாகிவிட்டால்
உள்ளங்கையில் நில்லாமல் ஓடும் பாதரசம்.
நாம் முடி கொட்டி, பல் விழுந்து,
பாதி நினைவு போன பிறகும்
அதே பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறோம்.
அணுவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ப்ராட்டர் பூங்காவில்
கசகசா ரொட்டி வாங்கினார்கள்.
மில்காவின் கையுறையில் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தது.
"இதைப் புரோட்டான் என்று வை" என்றாள்,
"எலக்ட்ரான் எங்கே இருக்கும்?"
வ்ளாஸ்தா நிமிர்ந்து பார்த்தாள்.
பூங்காவின் ராட்சத ராட்டினம்,
இருபது மாடி உயரம்,
பெட்டிபெட்டியாக ஜனங்கள்.
"அச்சில் உன் கசகசா.
விளிம்பில் எங்கோ எலக்ட்ரான்.
எங்கோ என்றுதான் சொல்ல முடியும்."
"நடுவில்?"
"நடுவில் ஒன்றுமில்லை."
மில்கா அந்த மணியை நக்கித் தின்றுவிட்டாள்.

க்ராஸ் நகரிலிருந்து டாக்டர் ப்ரெண்ட்ல் வந்தது
அந்த வாரம்தான்.
தடித்த கண்ணாடி, ஈரமான குடை,
யாரோடும் காப்பிக்குப் போகாதவர்.
தகடுகளை அவரே மாற்றினார்.
எதை மாற்றினார் என்று சொல்லவில்லை.
"எண்ணுங்கள்" என்றார், அவ்வளவுதான்.

பதினான்கு.
பதினைந்து.
பூஜ்யம்.
ஒன்று.
பூஜ்யம்.
விசையின் மேல் விரல் காத்துக் காத்து மரத்தது.
நிசப்தத்தில் மில்காவின் வயிறு இரைந்தது.
ஒன்று. அதுவும் சந்தேகம்.

விளக்கைப் போட்டபோது தெரிந்தது:
பதினான்கும் பதினைந்தும் மெழுகுத் தகடு.
மெழுகெங்கும் ஹைட்ரஜன்,
கருவில் ஒற்றைப் புரோட்டான்,
தட்டினால் தெறிக்கும், பொய் சொல்லாது.
பூஜ்யம், கரி.

மூன்று வருஷம் அவள் எண்ணியது எதை?
எண்ணினாளா,
எண்ணிக்கொண்டாளா?
யாரும் பொய் எழுதச் சொன்னதில்லை.
"இன்றைக்குக் கரி, ஃப்ரோய்லைன்,
பன்னிரண்டு வர வேண்டும்" என்று
அன்பாகச் சொன்னார்கள்.
விரிந்த கண்மணியில்
அன்பும் ஒரு வெளிச்சம்தான் போல.

பேராசிரியர் கைக்குட்டையால்
மேசையின் சுத்தமான பகுதியைத் துடைத்தார்.
மில்கா அழுதாள்.
வ்ளாஸ்தாவுக்குப் பசித்தது;
அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை
எல்லோருக்கும் முன்னால் வந்து
போர்வையைக் கதவிடுக்கில் திணித்தாள்.
ரேடியம் ஈயப் பெட்டிக்குள்.
தகடு இல்லை.
அரைமணி சும்மா இருந்தாள்.
பிறகு ஒரு மணி நேரம்
ஒன்றுமில்லாததை எண்ணினாள்.

மூன்று பொறி.

பதிவேட்டைத் திறந்து
தேதி போட்டு எழுதினாள்:
மூன்று.
பொருள் என்ற கட்டத்தில்
சற்றே தயங்கி,
என் கண்.